கயிறு பிடித்தவன்

பழைய கட்டடங்கள் என்றால் பவானிக்குப் பைத்தியம். காங்கேயம் பக்கத்தில் ஒரு பள்ளியில் வரலாறு டீச்சர். பாடத்தில் சொல்லிச் சொல்லி அலுத்த இடங்களை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று காலாண்டு விடுமுறைக்குச் சென்னை வந்திருந்தாள். கணவன் சுப்புராஜ் மெரினாவுக்குத் தலையாட்டினான், மகாபலிபுரத்துக்கும் தலையாட்டினான். ராயபுரம் ஸ்டேஷன் என்றதும் முகம் தொங்கிப்போனது.

"அங்க என்ன இருக்குது? நான் அந்தப் பக்கமே போனதில்ல. ஒரே மீன் நாத்தம்."

"போகாத ஊரோட நாத்தம் மட்டும் தெரியுமாக்கும்?" என்று சிரித்தபடியே ஓர் ஆட்டோவை நிறுத்தினாள். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கிய அந்த ஆட்டோக்காரர் லியோனார்ட் ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். நாள் முழுக்கச் சுற்றிக்காட்டுவதாக ஒப்புக்கொண்டார்.

சிவப்பும் வெள்ளையுமாக உயரத் தூண்களோடு ஸ்டேஷன் வெயிலில் நின்றது. பவானி வாயைப் பிளந்துகொண்டு படம் எடுத்தாள். அப்போதுதான் தூணோரம் நின்றவனைக் கவனித்தாள். காக்கிச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முழங்கைவரை கறுப்பு எண்ணெய். இடுப்பில் கட்டிய கயிற்றின் நுனி தரையில் கிடந்தது. அழுகிய முட்டை வாடை ஒன்று வந்து குமட்டியது.

வெளியூர்க்காரர்களை வேடிக்கை பார்க்க எல்லா ஊரிலும் நாலு பேர் இருப்பார்கள். ஆனால் இவன் அவளைப் பார்க்கவில்லை. சுப்புராஜின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து சர்ச்சுக்குப் போனார்கள். கடைசி பெஞ்சில் அவனும், அவனைப் போலவே கயிறு கட்டிய இன்னொருவனும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் மண்டியிட்டிருந்த பெண்மணிக்கு அந்த வாடை தெரிந்ததாகவே காணோம்.

காசிமேட்டில் மூன்று பேர்.

மீன் ஏலத்தில் ஆளை ஆள் இடித்துத் தள்ளிய கூட்டத்துக்கு நடுவே அவர்களைச் சுற்றி மட்டும் இடம் காலியாகக் கிடந்தது. யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. யாரும் அந்த இடத்தில் காலும் வைக்கவில்லை.

பவானி கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, அந்த ஆளுங்க காலையில இருந்து நம்ம பின்னாடியே வர்றாங்க."

சுப்புராஜ் திரும்பிப் பார்த்தான். எந்த ஆளுங்க என்று அவன் கேட்கவில்லை.

"லாட்ஜுக்குப் போலாம்" என்றான். உதடு வெளுத்திருந்தது.

"திருவொற்றியூர் கோயிலைப் பார்த்துட்டுப் போயிரலாமுங்க. இன்னொரு தடவை எப்ப வரப்போறோம்?" அந்தப் பிடிவாதத்தை நினைத்து அவள் பின்னால் வருத்தப்பட்டாளா என்று கேட்டால், இல்லை.

கடலோரச் சாலையில் ஆட்டோ வடக்கே ஓடியது. ஒரு பக்கம் லாரிகள். மறுபக்கம் அலையைத் தடுக்கக் கொட்டிய பெரிய பெரிய கருங்கற்கள். சும்மா இருக்க முடியாமல் பவானி கேட்டாள். "அண்ணா, இடுப்புல கயிறு கட்டிட்டுத் திரியறாங்களே, அது என்ன வேலைங்க?"

லியோனார்ட் வேகத்தைக் குறைத்தார்.

"எங்கம்மா பாத்தே?"

"போற இடமெல்லாம்."

அவர் ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டார். "எண்ணெ டேங்க் கழுவ எறங்கறவங்க அப்டித்தான் கட்டிப்பாங்க. மேல ஒருத்தன் கயிற புடிச்சிகினு குந்தினு இர்ப்பான். ரெண்டு இழுப்பு இழுத்தா ஒடனே மேல தூக்கணும். பெத்தவ வந்து கூப்ட்டாலும் அவன் எந்திரிக்கக் கூடாது. அதனால உள்ள போறவங்கதான் அவன பாத்துப் பொறுக்குவாங்க."

"தப்பான ஆளு அமைஞ்சுட்டா?"

"அமைஞ்சிச்சே. சில வருஷம் முன்ன எண்ணூராண்ட ஒரு டேங்க்ல வியாசர்பாடி பசங்க மூணு பேர் எறங்கினாங்க. துரை, அறிவு, பீம்ராவ். அன்னிக்கி வழக்கமா புடிக்கிறவன் வரல. வேல நிக்கக் கூடாதுன்னு சூப்பர்வைசரே கயிற வாங்கிகினான். உள்ள அழுகின முட்ட நாத்தத்தோட வெஷ காஸ் கிளம்பிச்சி. பசங்க இழுத்துகினே கீறாங்க, இவன் கயிற வுட்டுட்டான். அதுகூட பயம்னு வெச்சிக்கலாம். விஷயம் வெளிய வரக் கூடாதுன்னு மூடிய இழுத்து மூடிட்டு ஓடினான் பாரு, அந்தக் கலீஜ் வேலய இன்னான்னு சொல்றது? இன்னி வரைக்கும் ஆளு ஆப்டல. உள்ளருந்து தட்டினாங்களாம்."

சொல்லிக்கொண்டே கண்ணாடியில் சுப்புராஜின் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் பேச்சை நிறுத்தினார்.

வண்டி இருமி நின்றது.

முட்டை வாடை குப்பென்று அடித்தது. பவானி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று எப்போது கேட்டாலும் அவன் பேச்சை மாற்றியது ஏன் என்று அவளுக்கு இப்போது விளங்கியது.

"நீங்களா?"

அவன் ஆட்டோவுக்கு முன்னால் சாலையில் நின்ற மூவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். லாரிகள் அவர்கள் வழியாகவே போய்வந்தன. திடீரென்று பாய்ந்து இறங்கிக் கற்கள் மேலே ஓடினான்.

பவானியும் ஓடினாள். எப்படிப்பட்டவனாக இருந்தாலும் புருஷன். அந்த நேரத்தில் அவளுக்கு அது ஒன்றுதான் தோன்றியது. அவன் கையை எட்டிப் பிடித்தபோது பாசியில் கால் வழுக்கி, இரண்டு கற்களுக்கு இடையே கீழே போனாள். இடுப்புவரை தண்ணீர். அலை வந்து முகத்தில் அறைந்தது.

"விட்றாதீங்க! இழுங்க!"

பிடித்திருந்தான். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தான். மூவரும் பாறைக்கு வந்திருந்தார்கள்.

நெருங்கினார்கள்.

அவன் காதோரத்தில் யாரோ கிசுகிசுத்தது பவானிக்குக் கேட்டது. "இப்பயாச்சும் புடிப்பியா நைனா?"

சுப்புராஜ் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் பிரித்தான். "என்னை மன்னிச்சிரு பவானி" என்றான். விட்டான். ஓடத் திரும்பினான்.

அடுத்த அலை அவளை இழுத்தபோது கீழேயிருந்து கைகள் வந்தன. சில்லென்று, எண்ணெய்ப் பிசுக்கோடு, ஒன்றல்ல, பல கைகள். காலடியிலும் இடுப்பிலும் தாங்கி, பூவைத் தூக்குவதுபோல் அவளைத் தூக்கிக் கல்மேல் வைத்தன.

மேலே யாரும் இல்லை. அவள் விழுந்த அதே இடுக்கிலிருந்து சுப்புராஜின் கை நீண்டது.

"பவானி! கையக் குடு! கீழ இழுக்கறாங்க!"

அவள் கை தானாக நீண்டது. விரல்கள் வலித்தன; அவன் பிரித்த விரல்கள். ஆத்திரம் அடிவயிற்றிலிருந்து பொங்கி வந்தது. அவன்மேல் வைத்திருந்த அன்பெல்லாம் அந்த ஒரு நொடியில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவனுடைய கை இரண்டு முறை இழுபட்டது. பிறகு காணவில்லை.

உள்ளேயிருந்து கல்லைத் தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அதுவும் நின்றது.

தீயணைப்புக்காரர்கள் உடலை எடுத்தபோது இடுப்பில் கயிறு இருந்தது. கடலில் கிடந்த ஏதோ வலைக்கயிறு சுற்றிக்கொண்டது என்று எழுதிக்கொண்டார்கள். லியோனார்ட் மட்டும் குனிந்து முடிச்சைப் பார்த்தார்.

"அதுவா சுத்தினது இல்லம்மா" என்றார் மெல்ல. "உள்ள எறங்கறவனுக்குப் போட்ற முடிச்சு இது."

காரியமெல்லாம் முடிந்த பிறகு, இறப்புச் சான்றிதழ் வாங்க அவள் மறுபடியும் சென்னை வரவேண்டியிருந்தது. ஊர் திரும்பும் பகல் ரயிலில் எதிர் இருக்கையில் தொப்பையோடு ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கே டேங்க்ல ஆள எறக்கிடறேன் சார். மாஸ்க்கா? அதெல்லாம் எதுக்கு, பழகின பசங்கதான். ஆமாமா, கயிற நானே புடிச்சிக்கறேன்."

பவானி மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே, பிளாட்பாரத்தில், நனைந்த உடம்போடு அவர்கள் நின்றார்கள். மூன்று பேர் இல்லை. நான்காவதாக நின்றவன் நீலச் சட்டை போட்டிருந்தான். போன தீபாவளிக்கு அவள் எடுத்துக் கொடுத்து, அன்று சுப்புராஜ் போட்டிருந்த சட்டை. அவன் அவளைப் பார்க்கவில்லை. நால்வரும் எதிர் இருக்கைக்காரரையே பார்த்தார்கள்.

அவரிடம் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

ரயில் நகர்ந்தது. பிளாட்பாரமும் டீக்கடையும் தூண்களும் பின்னால் போயின.

அவர்கள் நால்வரும் ஜன்னலுக்கு நேராகவே இருந்தார்கள்.