கர்னலின் கொம்பில் ஓர் ஓட்டை

காவல் நிலையம் என்று பெயர்தான். உண்மையில் அது நைரியும் காலினும் குடியிருந்த வீட்டின் முன்னறை. அந்த ஊருக்கு நைரி ஒருத்திதான் காவலர். அவள் கணவன் காலின் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். அன்றிலிருந்து மனைவியின் வழக்குகளில் மூக்கை நுழைப்பதையே முழுநேர வேலையாக்கிக்கொண்டவன். அன்று காலை அவன் அடுப்பிலிருந்து சீஸ் ரொட்டிச் சுருள்களை எடுத்துக்கொண்டிருந்தபோது, முயல் சுடும் லாக்கி மன்ரோ தொப்பியைக் கசக்கியபடி உள்ளே வந்தான்.

"நைரிக்கா, என் பொழப்புல மண்ணு விழுந்துருச்சு."

"முதல்ல உக்காரு. இந்தா, சூடா ஒண்ணு சாப்பிடு. என்ன ஆச்சு?"

"ஃபெர்கஸோட ஆட்டுக்கடா இருக்குல்ல, கர்னல்? அதோட கொம்புல யாரோ சுட்டுட்டாங்க. கடாவுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா கொம்புல அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுற மாதிரி ஓட்டை. நான்தான் வண்டியில இருந்து சுட்டேன்னு அவரு ஒரு பண்ணை விடாம போன் போட்டுச் சொல்லிட்டாரு. இனிமே எவன் எனக்கு கேட்டைத் திறந்து விடுவான்?"

அந்த ஒட்டாகோ வட்டாரத்தின் மேட்டுநிலத்தில் முயல் பெருகினால் ஆட்டுக்குப் புல் மிஞ்சாது. பிக்கப் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஜன்னல் விளிம்பில் மணல் பையைப் போட்டு, அதன்மேல் துப்பாக்கியை வைத்து முயல்களைச் சுட்டுக் கொடுப்பதுதான் லாக்கியின் தொழில். ஃபெர்கஸ் சாதாரண ஆளில்லை. கால்நடைக் கண்காட்சிச் சங்கத்தின் தலைவர். அந்த வட்டாரத்தில் துப்பாக்கி பிடித்த அத்தனை பேருக்கும் பாதுகாப்புப் பாடம் நடத்தியவர். வண்டியில் உட்கார்ந்து சுடுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "ஆம்பளைன்னா நடந்து போய்ச் சுடணும்" என்று மதுக்கடையில் மேசையைத் தட்டிச் சொல்வார்.

"நீ கர்னல் மேயுற மேல்மேட்டுக்குப் போனியா?" என்று கேட்டாள் நைரி.

"சத்தியமா இல்ல. அவரு எனக்கு விட்டது ஆத்தங்கரை மட்டும்தான். மேல்மேட்டைத் தானே நடந்து பாத்துக்கிறேன்னுட்டாரு. ஆத்தங்கரையில என் வண்டிச் சத்தம் என் பொண்டாட்டியை விட முயலுக்கு நல்லாத் தெரியும். வளைவுல வந்தாலே அத்தனையும் வளைக்குள்ள போயிரும். ஊரைச் சுத்தி வேற வழியில வர வேண்டியிருக்கு."

நைரி சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "எல்லாருக்கும் போன் பண்ணின மனுஷன் எனக்கு மட்டும் பண்ணலையே."

"மறந்திருப்பாரு" என்றான் காலின்.

மதியம் இருவரும் காலினின் பழைய காரில் மேல்மேட்டுக்குப் போனார்கள். வேலிக்கு வெளியே, கேட்டருகே, சக்கரத் தடங்கள் அழுந்தக் கிடந்தன. காட்டுத் தைம் மூலிகைச் செடியின் வாசம் காற்றோடு வந்தது. கேட்டில் ஃபெர்கஸ் தன் கையால் எழுதி மாட்டிய பலகை: 'முயலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சுடு.' உள்ளே முயல்கள் கும்பல் கும்பலாக மேய்ந்தன. கார் வந்து நின்றதை அவை சட்டையே செய்யவில்லை. நடுவில் கர்னல், ஓட்டை விழுந்த கொம்போடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தது.

காலின் குனிந்து தரையை ஆராய்ந்தான். "நைரி, இங்க பாரு! தடத்துக்கு வலது பக்கம் மட்டும் பச்சைப் பசேல்னு ஏதோ முளைச்சிருக்கு. ஓட்டுநர் கதவுக்கு நேர் கீழ!"

"கிள்ளிப் பாரு. என்னது அது?"

"பார்லி. வழியில சிந்தியிருக்கும்."

"வழியில சிந்தினா வழி நெடுக முளைக்கணுமே. ஒரே இடத்துல ஏன் முளைக்குது?"

இது பள்ளிப் பிள்ளைகளின் வேலையாகத்தான் இருக்கும் என்று காலின் வரும் வழியெல்லாம் நிரூபித்துக்கொண்டே வந்திருந்தான். அதில் பார்லிக்கு இடமில்லை.

நைரி இரண்டு பேருக்குப் போன் செய்தாள். பிறகு காரை ஒரு முட்புதருக்குப் பின்னால் விடச் சொல்லி, பாறைமேல் உட்கார்ந்து தேநீரை ஊற்றினாள்.

முதலில் லாக்கியின் வண்டி வந்தது. கடகடவென்று ஏறி வந்து கேட்டருகே நின்றது. ஒரு முயல்கூடத் தலை தூக்கவில்லை. ஒன்று பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டது.

லாக்கி பாறைக்கு வந்து ஒரு கோப்பை வாங்கிக் குடித்து முடிக்கும்போது, மலைத் திருப்பத்துக்கு அப்பால் இன்னொரு வண்டியின் உறுமல் கேட்டது. வண்டி கண்ணுக்குத் தெரியக்கூட இல்லை. மேட்டில் ஒரு முயல் காலால் தரையைத் தட்டியது. அடுத்த நொடி வெள்ளை வால்கள் பளிச்சிட்டன, மேடு காலி. ஃபெர்கஸின் பிக்கப் வந்து நின்றதும் கர்னல் மட்டும் நேராக ஓட்டுநர் ஜன்னலை நோக்கி, வேலி வரைக்கும் ஓடி வந்தது.

நைரியும் மற்ற இருவரும் பாறையிலிருந்து இறங்கிக் கேட்டருகே வந்தார்கள்.

ஃபெர்கஸ் கதவைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை ஒரு கையால் தாங்கி, மெல்ல இறங்கினார். "இவனை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தே, நைரி?"

"முயலுங்ககிட்ட அடையாளம் காட்டச் சொன்னேன். லாக்கி வண்டி அதுங்களுக்கு யாருன்னே தெரியல. உங்களைத் தெரியுது."

"என் வண்டி தினமும் வருது. தெரியாம என்ன?"

"தினமும் சும்மா வந்து போற வண்டின்னா பழகிப் போய் மேஞ்சுக்கிட்டே இருக்கணும். ஒரு வண்டியில இருந்து குண்டு வந்தாத்தான் அதோட சத்தத்துக்கு இப்படி ஓடும். ஆத்தங்கரையில லாக்கிக்கு ஓடுற மாதிரி."

நைரி ஃபெர்கஸின் வண்டி ஜன்னல் வழியே கையை விட்டு, இருக்கையில் கிடந்த சாக்குப் பையை எடுத்தாள். தையல் விட்ட மூலையிலிருந்து பார்லி பொலபொலவென்று உதிர்ந்தது. கர்னல் வேலி இடுக்கில் மூக்கை நீட்டியது.

"லாக்கியோட பையில மணல். மணல் முளைக்காது. நீங்க ஆட்டுத் தீனியைப் போட்டுத் தைச்சிருக்கீங்க. அந்த வாசனைக்குக் கர்னல் ஓடி வந்திருக்கான். நீங்க முயலைப் பாத்துட்டு இருந்தப்போ குறுக்கே தலையை நீட்டியிருக்கான். சரியா?"

அவர் கேட்டில் தொங்கிய தன் பலகையைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"இடுப்பு போயிருச்சு, நைரி. போன குளிர்காலத்துல இருந்தே இந்த மேட்டுல நடக்க முடியல." குரல் தணிந்தது. "ஊருக்கெல்லாம் நடந்து சுடுன்னு சொன்னவன் நான். குண்டு எங்க பட்டுச்சுன்னு பாத்ததும் பயந்துட்டேன். யாராவது கேக்குறதுக்கு முன்னாடி ஒரு பேரைச் சொல்லிட்டேன்."

"அந்தப் பேரு என் பேரு, அண்ணே" என்றான் லாக்கி. கத்தவில்லை. அதுதான் ஃபெர்கஸைச் சுட்டது.

"தப்புதான்டா, தம்பி. பெரிய தப்பு."

"எல்லாருக்கும் போன் பண்ணத் தெரிஞ்சுதுல்ல?" என்று தன் கைபேசியை நீட்டினாள் நைரி. "முதல் பண்ணையில இருந்து ஆரம்பிங்க. துப்பாக்கி விஷயத்தை அப்புறம் என் முன்னறையில பேசிக்கலாம்."

ஃபெர்கஸ் வாங்கி எண்ணை அழுத்தினார். "லாக்கி இல்லப்பா. கர்னலைச் சுட்டது நான்தான்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவர் வானத்தைப் பார்த்தார். அந்தப் பெரிய மனிதரைப் பார்க்கக் காலினுக்கே பாவமாக இருந்தது.

லாக்கி தன் வண்டிக்குப் போய் மணல் பையை எடுத்து வந்து, ஃபெர்கஸின் ஜன்னல் விளிம்பில் சரியாகப் பொருத்தி வைத்தான்.

"ஆமாய்யா" என்றார் ஃபெர்கஸ் கைபேசியில். "வண்டியில உக்காந்துக்கிட்டேதான்."