பூஜ்ஜியம் காட்டிய கேமரா

நாற்பது நிமிடம் வரைந்தது நான்தான். ஆனால் அதற்குள் மடிக்கணினியின் பேட்டரி ஏறக்குறைய முழுதும் எப்படி வற்றும்?

குருவி இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. அம்மாவின் மடிக்கணினியோடு இணைத்து அவள் படம் வரையும் பலகையின் வயரை அம்மா சுருட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தரவேண்டிய பள்ளி இதழின் அட்டைப்படம் பாதியில் நின்றது.

"ஒரு வாரம் இது அலமாரியில இருக்கட்டும். பேட்டரி தீரப்போகுது, என் வேலையும் நடுவுல நிக்குது."

கணினிக்குப் புரோகிராம் எழுதுவதுதான் அம்மாவின் வேலை. எந்தக் கருவி எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்று குறித்துவைக்க, அவளே ஒன்று எழுதியிருந்தாள்.

"நீயே பாரு. பலகை நாப்பது நிமிஷம். கேமரா பூஜ்ஜியம்."

"அது எப்பம்மா குறிச்சுக்கும்?"

"ஒவ்வொரு கருவியும் தூங்கப் போறப்போ. நீ பேனாவ வெச்சா பலகை தூங்கிடும். உடனே நேரத்தக் கூட்டி எழுதிக்கும்."

குருவி திரையில் அந்தப் பூஜ்ஜியத்தை விரலால் தொட்டாள்.

"அப்போ தூங்கவே போகாதது?"

வயர் சுருட்டிய கை நின்றது. "அது... எழுதாது."

"காலையிலேருந்து கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருந்தாலும் பூஜ்ஜியம்தானா?"

அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அடிப்பாவி. நான் கேக்குறப்போ இன்னும் முழிச்சிருக்கறதையும் எண்ணுன்னு புரோகிராமுக்குச் சொல்லவே இல்லியே."

திரைக்கு மேலே ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். குருவி அதை நகத்தால் உரித்தாள். அடியில் கேமராவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"காலையில நடந்த ஆன்லைன் பாட்டு வகுப்பு இன்னும் திறந்தே கிடக்கு," என்று அம்மா அதை மூடினாள். விளக்கு அணைந்தது. "நீயும் தம்பியும்தான் பாடினீங்க. ஸ்டிக்கர் ஒட்டினது யாரு? மூடாம விட்டது யாரு?"

கதவோரம் தம்பி நின்றான். நேற்றுதான் அவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்தன. காலையிலிருந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசுகிறான். இப்போது காதும் சிவந்திருந்தது.

"குருவி, உனக்குத் தெரியும். சொல்லு."

குருவி நட்சத்திரத்தைத் தன் மூக்கின் மேல் ஒட்டிக்கொண்டாள். தம்பியின் கை வாயிலிருந்து நழுவியது. சிரிப்பு பொக்கையாக வெளியே வந்தது.

"கேமராதான் தூங்கிடுச்சேம்மா," என்றாள் குருவி மெதுவாக. "யாருன்னு மட்டும் கேக்காத. வயரைக் குடு."