முன்சக்கரம் செத்த வண்டி

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

நசுங்கிக் கிடந்த காருக்குள்ளிருந்து... டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து.

எடுக்க வேண்டியவன் எடுக்கவில்லை. சற்று முன்புதான் அவனை வெள்ளைத் துணி போர்த்தி ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் குனிந்து போனை எடுத்தார். கேட்டார். வைத்தார்.

"வெளிநாட்டு ரேஸ் டீமாம். ஏர்போர்ட்ல இறங்கிட்டாங்களாம். வண்டி ரெடியான்னு கேக்கறாங்க."



பயிற்சி மைதானத்துச் சுவரோரம் அக்கா உட்கார்ந்திருந்தாள். செத்தவனுக்கு மட்டுமல்ல, அவர்கள் வேலை செய்யும் கார் ஷெட்டுக்கு வரும் எல்லோருக்கும் அவள் அக்காதான். வலது உள்ளங்கையில் கட்டு. காலையில் சூடான சைலன்சரில் பட்டு வெந்த கை. பக்கத்தில் அவள் கணவன் நின்றான். அதே ஷெட்டில் வெல்டர். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

அக்கா இன்னும் அழவில்லை.

"இந்த வண்டிய டிரிஃப்ட்டுக்குத் தயார் பண்ணது யாரும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான் சார்."

"டிரிஃப்ட்டுன்னா?"

"வேணும்னே வண்டிய வழுக்க விட்டு, பக்கவாட்டுலயே வளைவைத் தாண்டறது."

"வேற வேலையே இல்லையா?"

"என் தம்பியும் மொதல்ல அப்படித்தான் கேட்டான். அப்புறம் வேற வேலையே பாக்கல."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பிதான் ஓட்டறதா இருந்துச்சா?"

"இல்ல சார். தயார் பண்ணவங்கதான் மொதல் ரவுண்டு ஓட்டணும். எங்க ஷெட் வழக்கம். என்னையும் தம்பியையும் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி வண்டியப் பாக்கத்தான் டீம்காரங்க வராங்க. அவங்க வந்ததும் நான் ஓட்டறதா இருந்துச்சு. கைய சுட்டுக்கிட்டேன். 'நீ உக்காருக்கா... நான் ஓட்டறேன், இப்பவே ஒரு தடவை பழகிக்கறேன்'னான்."



"அப்ப செத்திருக்க வேண்டியது நீங்க."

"என் வேலையில தப்பு இருந்தா மட்டும்தான் சார்." எழுந்தாள். "என் கைதான் அவனைக் கொன்னுச்சான்னு எனக்குத் தெரியணும். வண்டிய எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கறேன்."

தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வளைவில் நின்றாள்.

"டயர் தேஞ்ச கறுப்புக் கோடு எத்தனை தெரியுது சார்?"

"ரெண்டு."

"நாலு இருக்கணும்."

"ஏன்?"

"இது நாலு சக்கரமும் இழுக்கற வண்டி. வழுக்கும்போது ஆக்சிலேட்டரை மிதிச்சா நாலு டயரும் சேந்து தரையத் தேய்க்கும். இங்க பின் டயர் ரெண்டுதான் தேச்சிருக்கு. முன்சக்கரம் சும்மா உருண்டிருக்கு."

"உருண்டா என்ன?"

அக்கா கட்டுப்போட்ட கையையே காராக்கி, காற்றில் வளைத்துக் காட்டினாள். எத்தனையோ பேருக்கு இதை ஆசை ஆசையாக விளக்கியிருக்கிறாள். 

"வழுக்கறப்போ நாங்க பிரேக்கைத் தொடமாட்டோம். ஆக்சிலேட்டரைத்தான் மிதிப்போம். கடைத்தெருவுல பிள்ளை நம்ம கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகுமே... அப்படி முன்சக்கரம் ஸ்டியரிங் பாக்கற பக்கம் வண்டிய இழுத்துட்டுப் போயிடும். அந்த இழுப்பு இல்லன்னா, அதே மிதிக்கு வால் முந்திக்கும். வண்டி பம்பரமாச் சுத்தும். தம்பி சுவரோரமா போனான் சார். சுத்தறதுக்கு இடமில்ல."

கிரேன் காரின் மூக்கைத் தூக்கியது. அக்கா டார்ச்சுடன் அடியில் நுழைந்தாள். 

வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ்.

"என்ஜின் பலத்த முன்சக்கரத்துக்குக் கொண்டுபோற கம்பி... முன்பக்க ஆக்சில் ரெண்டும் இல்ல சார்."

"உடைஞ்சிருச்சா?"

"கழட்டியிருக்காங்க."

வெல்டர் துள்ளினான். "போன போட்டியில தம்பிகிட்ட தோத்தானே, அவன்தான் சார். நேத்து ஷெட் பக்கம் சுத்திட்டிருந்தான். நானே பாத்தேன்."

"தோத்தவன் வீடு எங்க?" இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்.

"இருங்க சார்," என்றாள் அக்கா. "ஆக்சிலை முழுசா எடுக்கல. சக்கரத்துக்குள்ள போற குட்டை முனைய மட்டும் விட்டுவச்சு, நட்டைத் திரும்ப இறுக்கியிருக்கு. அது இல்லன்னா பேரிங் பிரிஞ்சு, ஓடும்போதே சக்கரம் கழண்டுடும்."

"அப்ப வேலை தெரிஞ்சவன்."

"தெரிஞ்சது மட்டும் இல்ல. சக்கரம் கழண்டு யாருக்கும் எதுவும் ஆயிடக் கூடாதுன்னு நெனச்சவங்க."

"கொல்ல வந்தவனுக்கு அக்கறை வேறயா?"

"கொல்ல வரல சார்."

இன்ஸ்பெக்டர் இப்போது அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னொண்ணு. முன் ஆக்சில் இல்லாம இந்த வண்டி ஒரு அடிகூட நகர முடியாது. நடுவுல ஒரு டிஃபரன்ஷியல் இருக்கு... என்ஜின் பலத்த முன்னுக்கும் பின்னுக்கும் பிரிச்சுக் குடுக்கற பெட்டி. ஒரு பக்கம் பிடிமானம் இல்லன்னா பலமெல்லாம் அந்தப் பக்கமே ஓடி வீணாயிடும்."

"ஆனா ஓடியிருக்கே?"

"பெட்டிக்குள்ள இருக்கற பல்சக்கரத்தை அசையாம வெல்டிங் போட்டுப் பத்தவச்சுட்டா, பின்சக்கரம் மட்டும் வச்சே ஓடும். நேத்து சாயங்காலம்தான் பத்தவச்சோம். முன்னும் பின்னும் ஒண்ணா சுத்தினா டிரிஃப்ட்டுக்கு நல்லதுன்னு நான்தான் சொன்னேன். தம்பிக்குக்கூட தெரியாது. ஆக்சிலைக் கழட்டினாலும் வண்டி ஓடும்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேர். பத்தவைக்கச் சொன்ன நான்..."

திரும்பினாள்.

வெல்டரின் அழுகை நின்றிருந்தது.

"ஏங்க..." என்றாள். "எதுக்குங்க?"

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ ஓட்டுவேன்னு நெனச்சேன். நீ எப்பவும் நடு மைதானத்துலதான் ஓட்டுவ. ரெண்டு சுத்து சுத்தி நிக்கும். வந்தவங்க சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. அவ்வளவுதான் நெனச்சேன். நீயும் அவனும் அந்த டீமோட போயிட்டா... இந்த ஷெட்டுல நான் யாரோட பேசுவேன்?"

"தம்பி வண்டியில ஏறும்போது நீ எங்கடா இருந்த?" இன்ஸ்பெக்டர்.

வெல்டர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

"கேக்கறேன்ல?"

"கதவு பக்கத்துல."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வந்தேன் சார். 'மாமா, சுவத்தை உரசி ஒரு முத்தம் குடுத்துட்டு வரேன், பாருங்க'ன்னு சிரிச்சான். உண்மைய சொன்னா இவ என்னை விட்டுட்டுப் போயிடுவா. ஒரு ரவுண்டுதானே, ஓட்டுறதுல அவன் கெட்டிக்காரன், சமாளிச்சுடுவான்னு..."

கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டான்.

"நான்தான் சார் அவனுக்கு பெல்ட் மாட்டிவிட்டேன்."

அக்கா அழுதது அப்போதுதான். சத்தமில்லாமல், கட்டுப்போட்ட கையை வாயில் அழுத்திக்கொண்டு... தோள் மட்டும் குலுங்கியது. தன் கை கொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. அதில் ஆறுதல் ஒன்றுமில்லை.

போன் மறுபடி அடித்தது.

இன்ஸ்பெக்டர் அதை அவளிடமே நீட்டினார்.

"வண்டி இல்ல," என்றாள் போனில். "ஓட்டறவனும் இல்ல. திரும்பிப் போயிடுங்க. நான் வரல."

வைத்தாள்.

வெல்டர் தலை தூக்கினான். அந்த நிலைமையிலும் கண்ணில் ஏதோ ஒன்று மினுங்கியது.

"நீ... போகலையா?"

"இல்ல. நீங்க நெனச்சது நடந்துடுச்சு. நான் இங்கயேதான் இருப்பேன்."

கான்ஸ்டபிள் போலீஸ் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

அக்கா கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் கிரீஸ் இன்னும் பரவியது.

"நீங்கதான் போறீங்க. பயப்படாம ஏறுங்க... அது நாலு சக்கரமும் இழுக்கற ஜீப்புதான்."