மரபணு ஆணையர் குடித்த காபி

தமிழ்நாட்டில் அரசாங்கத்துக்கு மரபணு கொடுக்காமல் தப்பித்திருந்தவர்கள் அந்த ஆண்டில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்தான். அதில் ஒருத்தி பவளக்கொடி. திருச்சி–துறையூர் தடத்தில் பேருந்து ஓட்டுபவள்.

ரேஷன் அரிசியானாலும் ரயில் சீட்டானாலும் முதலில் உமிழ்மானியில் நாக்கை நீட்ட வேண்டும். ஒரு சொட்டு எச்சில் போதும். எந்த வயதில் எந்த நோய் வர எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று மரபணுப் பதிவகம் சொல்லிவிடும். வாய்ப்பு அறுபது விழுக்காட்டைத் தாண்டினால் 'தகுதி அட்டவணை' வேலையைப் பறித்துவிடும். பவளக்கொடியின் அப்பாவுக்கு ஐம்பது வயதில் பரம்பரை நோயால் பார்வை போயிற்று. அவளுக்கு இப்போது நாற்பத்தொன்று. ஆறு மாதத்துக்கொரு முறை கண்ணைச் சோதித்துக்கொள்கிறாள். ஒரு குறையும் இல்லை. ஆனால் எச்சிலைக் கொடுத்தால் ஸ்டியரிங் போய்விடும். அது இல்லாமல் அவளால் வாழ முடியாது.

மரபணு ஆணையர் தில்லைநாயகம் அவளை விசாரணைக்கு அழைத்தார். அட்டவணையை எழுதியவரே அவர்தான். ஆணையருக்கு மட்டும் பதிவிலிருந்து விலக்கு என்று ஒரு வரியையும் கூடவே சேர்த்துக்கொண்ட கெட்டிக்காரர்.

"காலையிலேருந்து வண்டி ஓட்டிட்டு வர்றீங்க. முதல்ல காபி சாப்பிடுங்கம்மா" என்றார், தேன் ஒழுக.

டம்ளரின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத உமிழ்மானி. உதடு பட்டால் அவள் கோப்பில் பதிவாகிவிடும். அரசு அலுவலகத்தில் விட்டுச்செல்லும் எச்சில் அரசுக்கே சொந்தம் என்று சட்டம் இருந்தது.

பவளக்கொடி டம்ளரை உயர்த்தி, அண்ணாந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்து முடித்தாள். டிரைவரும் கண்டக்டரும் இருபது வருடமாக ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கும் தொழில் அது. வாய் வைத்தால் சண்டை வரும்.

'மாதிரி இல்லை' என்றது ஆணையரின் திரை.

அதே உமிழ்மானி வைத்த இன்னொரு டம்ளரை வரவழைத்தார்.

"போதும் சார். நீங்க குடிங்க" என்று அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் சட்டத்தை விளக்கத் தொடங்கினார். கையில் காபி இல்லாமல் அவருக்குப் பேச்சு வராது. மூன்றாவது பிரிவைச் சொல்லும்போது டம்ளரை எடுத்தார். நான்காவது பிரிவில் வாய் வைத்து உறிஞ்சினார்.

திரை இருவர் கண்ணிலும் படும்படி பச்சையாக ஒளிர்ந்தது. 'பெயர்: பவளக்கொடி. பாலினம்: ஆண்.'

"எனக்கே தெரியாமப் போச்சே சார்!" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆணையர் சிரிக்கவில்லை. அடுத்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'மறதிநோய்: அறுபது வயதுக்குள், எண்பத்துமூன்று விழுக்காடு. பொறுப்பான எந்தப் பணிக்கும் தகுதியற்றவர்.'

அவருக்கு ஐம்பத்தாறு வயது. முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கும் சிரிப்பு அடங்கிப் பாவமாகத்தான் இருந்தது.

"இதை அழிச்சிடலாம்ல சார்?"

"முடியாதும்மா. ஒருதடவை பதிவானா யாராலயும் அழிக்க முடியாது. நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்."

"அப்ப நாளைக்குத் தணிக்கைக்கு வர்றவங்க, இந்த ஆம்பளை யாருன்னு கேப்பாங்களே."

கேட்பார்கள். அந்த எச்சில் ஆணையருடையது என்று தெரிந்தால் அவர் எழுதிய அட்டவணையே அவரை அந்த நாற்காலியிலிருந்து இறக்கிவிடும். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இது வெறும் வாய்ப்புதாம்மா. நோய் இல்லையே. இன்னிக்கு எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

"அதத்தான் சார் ரெண்டு வருஷமா மனுவுல எழுதிக்கிட்டிருக்கேன். உங்க அட்டவணையை நிறுத்துங்க. அப்புறம் இது யாரோடதா இருந்தா என்ன?"

நிறுத்திவைக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. அதுவரை பயன்படுத்தத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் ஆணை தயாரானது: வரக்கூடிய நோயைக் காட்டி எவருடைய வேலையையும் பறிக்கக் கூடாது, கட்டாயப் பதிவும் இன்றோடு நிற்கும். கையெழுத்திட்டார். அந்த ஒரு கையெழுத்தில் மூன்று லட்சம் பேருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பவளக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை சந்தோஷத்தை அவள் ஒரே நாளில் அனுபவித்ததில்லை.

அவள் கிளம்பும்போது ஆணையர் எழுந்து நின்றார். அந்த அறையில் அவர் யாருக்காகவும் எழுந்ததில்லை.

"அம்மா... எனக்கு இப்படி இருக்குன்னு வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பவளக்கொடி திரும்பிப் பார்த்தாள்.

"உங்க உடம்புக்குள்ள இருக்கிறது உங்க சொந்த விஷயம் சார். அதை ஊருக்குச் சொல்ல நான் யாரு?"