கிறிஸ்துமஸ் தாத்தா தராத மிட்டாய்

கேரல் பாடப் புறப்படும் நேரம். பாட்டுத் தாளைத் தேடிய ஜாக்சன் அண்ணா, ரெனிதாவின் பையைத் திறந்தார். உள்ளே ஆரஞ்சு மிட்டாய்கள்.

"இன்னாமா இது? சுகர் வெச்சிகினு மிட்டாய் தூக்கினு வர்ற?"

"டாக்டர்தான் எப்பவும் வெச்சிருக்கச் சொன்னாங்க, அண்ணா. எனக்கு சுகர் ஏறவும் செய்யும், இறங்கவும்..."

அவர் காதில் விழுந்தால்தானே. மிட்டாய்களை அள்ளி, கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்டிருந்த ஃபெலிக்ஸின் மூட்டையில் கொட்டினார்.

ரெனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். ஜாக்சன் அண்ணாதான் கேரல் குழுவின் தலைவர். போன வருடம், "நோயாளிப் பொண்ணு, நடந்தா மயங்கிடும்" என்று அவளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனவர். இந்த வருடம் அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி டிரம்மைத் தன் கைக்கு வாங்கியிருக்கிறாள். எதிர்த்துப் பேசினால் அது வேறு கைக்குப் போய்விடும்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்து, சர்க்கரை அளவைப் பார்க்கிறாள். ஓட்டப் பந்தயத்தில் தன் வகுப்பு ஃபெலிக்ஸையே முந்துகிறாள். இதில் எங்கே இருக்கிறாள் நோயாளி?

காட்டுப்பாக்கத்தில் தெருத் தெருவாகப் போனார்கள். ரெனிதா டிரம்மை அடித்த அடியில் வாசலில் படுத்திருந்த நாய்கள் எழுந்து போயின. பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் கேக் தட்டு வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஜாக்சன் அண்ணா முந்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்கு வேணாம், ஆன்ட்டி. சுகர்."

"ஐயோ பாவம், இந்த வயசுலயா?"

ஒரு வீட்டில் அவளுக்கு மட்டும் வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வெள்ளரிக்காய். அவளுடைய மிட்டாய்களோ தெருப் பிள்ளைகளின் வாயில் கரைந்துகொண்டிருந்தன.

மளிகைக் கடைப் பக்கம் திரும்பும்போது தாளம் தவறியது. விரல்கள் நடுங்கின. கழுத்தெல்லாம் வியர்த்தது. என்னவென்று ரெனிதாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. வரும் முன் ஊசி போட்டாயிற்று. அதற்குமேல் இவ்வளவு தூரம் நடை. சர்க்கரை இறங்கத்தானே செய்யும்.

"ஃபெலிக்ஸ், மூட்டைலருந்து மிட்டாய் குடு. சீக்கிரம்."

ஃபெலிக்ஸ் தாடியை ஒதுக்கிவிட்டு ஜாக்சன் அண்ணாவைப் பார்த்தான்.

"குடுக்காதடா. சுகர் ஏறிகினு கீது, மூஞ்சப் பாரு."

அவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் அழ நேரமில்லை. டிரம்மைக் கழற்றி வைத்துவிட்டு, கடை விளக்கின் கீழே உட்கார்ந்தாள். கருவியை எடுத்தாள். விரலில் குத்தினாள். எண் வந்ததும் அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அம்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழ போகவே கூடாது. இப்ப இனிப்பு சாப்பிடலன்னா மயங்கி விழுந்துருவேன், அண்ணா. நீங்க புடுங்கிக் கொட்டினது என் மருந்து."

ஃபெலிக்ஸ் அதற்குமேல் எவரையும் கேட்கவில்லை. மூட்டையை அப்படியே அவள் மடியில் கவிழ்த்தான். காகிதத்தையும் அவனே பிரித்துப் பிரித்துக் கொடுத்தான். அவள் ஒவ்வொன்றாகக் கடித்து விழுங்கினாள்.

கால் மணி நேரம் கழித்து மறுபடியும் குத்திப் பார்த்தாள். நூற்று நான்கு.

"வாம்மா, ஊட்ல உட்டுர்றேன்." ஜாக்சன் அண்ணாவின் குரல் அடங்கியிருந்தது. "அது இறங்கும்னு எனக்குத் தெரியாது."

"சொல்ல வந்தேன். நீங்க கேக்கல." அவள் டிரம்மை மாட்டிக்கொண்டாள். "நான் நல்லாத்தான் இருக்கேன். இன்னும் ஹில்டா ஆன்ட்டி வீடு பாக்கி. வாங்க போலாம்."

ஹில்டா ஆன்ட்டி பாட்டு முழுவதையும் வாசலில் நின்று கேட்டார். பிறகு கேக் தட்டோடு வந்தார். ரெனிதாவிடம் வந்ததும் அவர் கை தயங்கியது. பழக்கப்படி ஜாக்சன் அண்ணா வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"அவளையே கேளுங்க, ஆன்ட்டி" என்றார்.

"எனக்குப் பாதித் துண்டு போதும், ஆன்ட்டி" என்றாள் ரெனிதா. "மீதிய அண்ணாவுக்குக் குடுங்க. அவர் கைதான் இன்னும் நடுங்குது."