சரியான நீலம்

"அப்பா தவறி விழல சார். யாரோ தள்ளியிருக்காங்க." சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பெண் துப்பறிவாளரின் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவளுடைய அப்பா ஓவியர். மாடியறையில் எண்ணெய் வண்ணத்தில் பித்தளை ஜாடி, இரண்டு ஆரஞ்சு, அடியில் விரித்த நீலத் துணி என்று தீட்டிக்கொண்டிருந்தார். காலையில் மகள் வேலைக்குக் கிளம்பியபோது ஜாடியும் பழங்களும் முடிந்திருந்தன. துணி வரவேண்டிய இடம் வெறும் கேன்வாஸ். மாலையில் திரும்பினால் படம் முடிந்திருந்தது. அப்பா மாடிப்படியின் அடியில் பிணமாகக் கிடந்தார்.

அன்று கூட இருந்தவர் சித்தப்பா ஒருவர்தான். பல வருஷம் கழித்து வந்திருந்தவர், அவரும் ஓவியர்.

துப்பறிவாளர் மாடியறைக்கு வந்தபோது சித்தப்பாவே முந்திக்கொண்டு, "மத்தியானமே நான் கிளம்பிட்டேன். அப்போ துணியில அண்ணன் கையே வைக்கல," என்றார்.

"அப்போ இவர் போனதுக்கு அப்புறமும் அவர் உயிரோட இருந்து படத்தை முடிச்சிருக்கார் சார். தானா விழுந்ததுதான்!" என்றான் உதவியாளன். ஆபீசில் அவனுக்கு 'அவசரம்' என்று பெயர்.

துப்பறிவாளர் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். அந்த நீலம்தான் ஆரஞ்சின் நிறத்தைத் தூக்கிக் கொடுத்தது. பிறகு சுவரில் மாட்டியிருந்த மூன்று படங்களைப் பார்த்தார். மூன்றிலும் துணி சாம்பல் நிறம்.

"இதெல்லாம் வேற துணியாம்மா?"

"இதே துணிதான்." அவள் தயங்கினாள். "அப்பாவுக்குக் கண்ணுல புரை சார். நீலமும் சாம்பலும் அவருக்கு ஒண்ணாத்தான் தெரியும். வெளியில யாருக்கும் சொல்லல."

சித்தப்பாவின் முகம் வெளிறியது.

"இந்தப் படத்துல என்ன தப்பு சார்?" என்றான் அவசரம்.

"ஒண்ணுமில்ல. அதான் இடிக்குது. அவர் தீட்டியிருந்தா சாம்பலா வந்திருக்கும். நீலம் தெரிஞ்ச கை முடிச்சிருக்கு, அவர் செத்த பிறகு. மத்தியானத்துக்கு மேலயும் அவர் உயிரோட இருந்தார்னு நம்மள நம்ப வைக்க."

சித்தப்பா சுவரோடு சாய்ந்தார். "நீலத்தைப் போய் சாம்பல்னு சாதிச்சார். இல்லைன்னேன். 'உனக்கு என்னிக்குடா நிறம் தெரிஞ்சிருக்கு'ன்னு சிரிச்சார். சின்ன வயசுலேருந்து அதே சிரிப்பு. படிகிட்ட நின்னோம்... கை நீண்டிடுச்சு." மகளைப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"



"உங்களுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னார் சித்தப்பா," என்றாள் அவள். "தம்பி முன்னால தோத்த மாதிரி ஆயிடுமாம்."