மச்சான் பிடித்த கயிறு

படம் எடுத்தபோது அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: இறந்துபோன கஸ்பார், அவர் மனைவி கித்தேரியம்மாள், மகள் மெர்சலீனாள், கஸ்பாரின் மூத்த அண்ணன் சந்தியாகு, கித்தேரியம்மாளின் உடன்பிறந்த அண்ணன் இஞ்ஞாசி ரொட்ரிகோ, வெளிச்சத்துக்காக ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்ற சவப்பெட்டி ஆசாரி செந்தூர்பாண்டி, காமிராவுக்குப் பின்னால் இஞ்ஞாசியின் மகன் பெர்க்மான்ஸ். வேறு ஒருவரும் இல்லை. வாசல் கதவு சாத்தியிருந்தது. பிற்பாடு ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசியதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

பெர்க்மான்ஸ் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தான். காமிராவின் தேய்த்த கண்ணாடியில் கூடம் முழுவதும் தலைகீழாகத் தொங்கியது. தரையில் போட்டிருந்த பாய் மேலே, மாதா படம் கீழே, நடுவில் நாற்காலியோடு தலைகீழாக உட்கார்ந்திருந்த கஸ்பார் மாமா. அந்தத் தலைகீழ் உலகத்தில், மாமாவின் கையிலிருந்து அப்பாவின் கைக்குப் போன கயிறு ஒரு தடவை அசைந்தது.

தலையை வெளியே எடுத்தான். யாரும் அசையவில்லை. ஜன்னலின் கண்ணாடிக் கதவுகள் மூடியிருந்தன. சித்திரை மாதத்து நண்பகலில் ஈ பறக்கும் காற்றுக்கூட உள்ளே இல்லை. வேர்வையும் மெழுகுவத்தியும் பிச்சிப்பூவும் கலந்த வாடைதான் அடித்தது. கண்ணில் வேர்வை வழிந்ததால் அப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் மதராஸில் போட்டோ எடுக்கும் படிப்புக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. யுத்த காலத்தில் படம் பதியும் கண்ணாடிப் பிளேட் கிடைப்பதே பாடு. கிடைத்த இரண்டையும் விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுவந்திருந்தான். ஒன்று துறைமுகத்துப் பாய்மரங்களை எடுத்ததில் போய்விட்டது. மிஞ்சிய ஒன்றில், படிப்புக்காக, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு குழுப் படம் எடுத்துக்கொண்டு போகவேண்டும். விடியற்காலையில் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார் என்று செய்தி வந்ததும், அழுகைக்கு முன்னாலேயே அந்தப் பிளேட்டின் ஞாபகம் அவனுக்கு வந்துவிட்டது. அதை நினைத்து அவனுக்கே கூசியது. கூசிக்கொண்டே முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

பெட்டிக்குள் கிடத்தி எடுத்தால் படத்தின் பாரமெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றிலும் ஆட்களை முக்கோணமாக நிறுத்தினால்தான் சமநிலை நிற்கும் என்று அவன் சொன்னான். சந்தியாகுவுக்கு முக்கோணம் புரியவில்லை, ஆனால் பிடித்திருந்தது. "எங்க வீட்டு ஆம்பள உக்காந்திருக்கதுதாம்ல அழகு," என்றார்.

உட்கார வைத்தவன் செந்தூர்பாண்டி. தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"அண்ணாச்சி, விடியக்காலம் போன உசுரு. இன்னும் விறைப்பு ஏறலையே. கை வாழத்தண்டு கணக்கா வளையுது."

"கடல்ல ஊறுன உடம்புடே அது. உன்ன மாதிரி மரத்தூள் தின்ன உடம்பா? பேசாமப் பிடி," என்றார் சந்தியாகு.

டாக்டர்கள் பட்டாளத்துக்குப் போய்விட்ட காலம் அது. கம்பவுண்டர் வந்து நாடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார். அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அத்தையை நிறுத்துவதில்தான் பெர்க்மான்ஸுக்குச் சிரமம் இருந்தது. அவள் இடது கன்னத்தில் பழுத்து மஞ்சளித்த ஒரு அடியின் தடம். புதியதல்ல. ஒன்று ஆறும்போது இன்னொன்று வரும். அந்த வீட்டுக் காரியம் அந்த வீட்டுக்குள். வெளியே பேசும் வழக்கம் இரண்டு குடும்பத்துக்கும் கிடையாது. அப்பா அருகில் வந்து காதோடு சொன்னார். "அந்தப் பக்கம் விழாம எடுலே." ஜன்னலுக்கு முதுகு காட்டி அவளைத் திருப்பி நிறுத்தினான். தடம் நிழலுக்குள் போய்விட்டது.

கயிறு அவன் யோசனைதான். கஸ்பார் மாமா பேர்போன குளியாளி. முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகு சங்குக்கு இறங்கினார். மூச்சை அடக்கிக் கடலடியில் அவர் கிடக்கும் நேரத்தைப் பார்த்து, பக்கத்துத் தோணிக்காரர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். இறங்குபவனின் கயிற்றை அவன் மச்சான்தான் மேலே பிடிக்கவேண்டும். அது இந்தக் கரையின் முறை. கூடப் பிறந்தவனை நம்பமாட்டார்கள், மகனை நம்பமாட்டார்கள். பெண் கொடுத்த மச்சானைத்தான் நம்புவார்கள். தன் தங்கை தாலியறுக்க எவனும் சம்மதிக்கமாட்டான் அல்லவா? கீழே மூச்சு முடியப்போகிறது என்றால் குளியாளி கயிற்றை மூன்று தடவை சுண்டுவான். அடுத்த நொடி மேலே இழுக்கவேண்டும். இஞ்ஞாசி ஒரு நாளும் தாமதித்ததில்லை. ரொட்ரிகோ வீட்டுக் கை என்று கரையெல்லாம் அதற்குப் பேர்.

சுவரில் தொங்கிய அந்தக் கயிற்றின் ஒரு நுனியை மாமாவின் விரல்களுக்குள் சுற்றி, மறு பாதியை அப்பாவின் கையில் கொடுத்தான். பார்ப்பவன் கண்ணை ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு நடத்திக்கொண்டு போக ஒரு கோடு வேண்டும் என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள்.

"யாரும் ஆடாதீங்க. ஆடுனா படம் கலங்கிரும். மூச்சக்கூட மெதுவா விடுங்க."

மெர்சலீனாள் மூக்கை உறிஞ்சினாள். "எங்கப்பா மட்டுந்தான் ஆடமாட்டாங்க."

முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒன்றுபோலத் துலங்கவேண்டும் என்று லென்ஸின் துவாரத்தை மிகவும் சிறிதாக்கியிருந்தான். பழைய பிளேட்டு வேறு; வெளிச்சம் பதிய நேரம் பிடிக்கும். மூடியைத் திறந்தான். மாதாவுக்கான பிரியதத்த மந்திரம் ஒன்றை மனதுக்குள் நிதானமாகச் சொல்லி முடித்தான். மூடினான்.

அடக்கத்துக்கு அவன் போகவில்லை. அந்த வெக்கையில் இன்னும் வைத்திருந்தால் பிளேட்டு கெட்டுவிடும். "நீ படத்தப் பாருலே. மாமாவ நான் எறக்கிக்கிடுதேன்," என்று அப்பாவே சொல்லிவிட்டார்.

தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த சங்குக் கிட்டங்கிதான் அவனுக்கு இருட்டறை. சதை அழுகிக் கழுவின சங்குகள் கூரைவரை குவிந்து கிடந்தன. எத்தனை தடவை கழுவினாலும் போகாத அந்த வாடை நாக்கின் அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கதவின் இடுக்குகளில் சாக்கை அடைத்து, அரிக்கேன் விளக்குக்குச் சிவப்புக் காகிதம் சுற்றி, மண்பானையில் குளிர்ந்த தண்ணீரில் மருந்தைக் கரைத்துத் தட்டில் ஊற்றி அவன் குனிந்தபோது, தூரத்தில் துக்க மணி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. குவியலுக்குள் எங்கோ ஒரு சங்கு நழுவி இன்னொன்றின்மேல் உராய்ந்து நின்றது. காற்று புகாத அந்த இடத்தில் ஆயிரம் வாய்கள் திறந்தபடி மூச்சு விடாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

தட்டை ஆட்டினான். பிளேட்டில் உருவங்கள் கிளம்பின.

கழுவி, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான். கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிய படம். முகங்கள் எல்லாம் கரி. அத்தையின் கறுப்புச் சேலை வெண்புகை. மெர்சலீனாளின் முகவாய் அழுகையில் கலங்கியிருந்தது. பெரியவர் சந்தியாகுவின் மீசை லேசாகக் கலங்கியிருந்தது. உயிருள்ளவர்கள் கலங்கத்தான் செய்வார்கள். மாமாவின் முகம் செதுக்கினாற்போல் இருந்தது. ஒவ்வொரு மயிரும் துலக்கம். அதுவும் சரிதான்.

கயிறு சரியாக இல்லை.

அப்பாவின் கையில் தொடங்கும் இடத்தில் அது ஊசிபோல மெல்லிசாக இருந்தது. போகப் போக விரிந்தது. மாமாவின் கைக்கு அருகில் விசிறியாகப் பிரிந்து கிடந்தது. பெர்க்மான்ஸ் இன்னும் அருகில் கொண்டுவந்தான். அப்பா கை நடுங்கியிருந்தால் விசிறி இந்தப் பக்கம் அல்லவா விரியவேண்டும்? அந்தப் பக்கம் விரிந்திருக்கிறது.

ஆட்டியது அந்தப் பக்கம்.

விரல்களைப் பார்த்தான். மாமாவின் வலது கை ஒன்றாக இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கைகள். சுண்டி, நின்று, சுண்டி, நின்று, சுண்டி நின்ற கை.

மூன்று.

மணி நின்று வெகுநேரமாகியிருந்தது. அது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அடக்கம் முடிந்துவிட்டது.

பிளேட்டைத் தட்டில் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினான். வெளியே வெயில் இறங்கியிருந்தது. தெருமுனையில் உளிப்பையோடு செந்தூர்பாண்டி வந்துகொண்டிருந்தான்.

"அப்பா எங்க?"

"இன்னும் அங்கனதாம்டே இருக்காரு. எல்லாரும் வந்தாச்சு. நானுங் கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டாரு." செந்தூர்பாண்டி பையைத் தோள் மாற்றிக்கொண்டான். "அந்தக் கயித்தையும் கூட வைக்கணும்னாரு. முழுசும் பெட்டிக்குள்ள அடங்குமா? வெட்டிரலாம்னேன். 'எம் மச்சான் கயித்த வெட்டுவியோ'ன்னு சண்டைக்கு வந்துட்டாரு பாரு! பொறவு மூடி ஓரத்துல ஒரு ஓட்டை போட்டு நுனிய வெளிய எடுத்துவிட்டேன். மண்ணு மூடியும் நுனி மேலதான் கெடக்கு. ஊரே உங்கப்பாவக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. மச்சான்னா அப்படில்லா இருக்கணும்! நீ ஏம்டே இப்படி வெளுத்துப் போயி நிக்க?"

ஓட்டை. ஓட்டை இருந்தால் காற்று இருக்கும். பெர்க்மான்ஸ் ஓடினான்.

விமானத்துக்குப் பயந்து பாதி கறுப்படித்த தெருவிளக்குகளைத் தாண்டி, உப்புப் படிந்த வண்டிப்பாதையைத் தாண்டி, கால் புதையும் மணலில் ஓடினான். ஓடும்போதே அவனுக்கு ஒரு தைரியம் வந்தது. அப்பா அங்கே இருக்கிறார். அப்பா கையில் கயிறு இருக்கிறது. கீழே ஒரு அசைவு என்றால் இந்தக் கரையில் அவரைவிட முன்னால் அறிபவர் யார்? இந்நேரம் தோண்டத் தொடங்கியிருப்பார். இந்நேரம் பெட்டியைத் திறந்திருப்பார்.

கல்லறைத் தோட்டத்தில் சிலுவைகளுக்குப் பின்னால் கடல் ஈயமாகக் கிடந்தது. புதுமணல் குவியலின் பக்கத்தில் இஞ்ஞாசி உட்கார்ந்திருந்தார். தோணியில் உட்காருவது போலவே உட்கார்ந்திருந்தார். இரண்டு குதிகாலும் மணலில் ஊன்றி, முதுகு நிமிர்ந்து, கயிறு வலது கையில் இரண்டு சுற்று. அது அவர் கையிலிருந்து நேராக மணலுக்குள் போயிற்று.

"அப்பா! மாமா உசுரோட இருக்காருப்பா! படத்துல..."

"தெரியும்லே."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எப்ப?"

"நீ மூடியத் தெறந்து வச்சிருந்தியே. அப்ப."

கயிறு மணலுக்குள் நுழையும் இடத்தில் சில மணற்பொடிகள் துள்ளின. அடங்கின. துள்ளின. அடங்கின. துள்ளின.

பெர்க்மான்ஸ் மண்டியிட்டுக் கையால் மணலைப் பறித்தான். பறித்த குழியில் மறுபடியும் மணல் சரிந்தது. "மம்பட்டி எங்கப்பா? பெரியவரக் கூப்பிடுதேன். சாமியாரக் கூப்பிடுதேன்..."

"சத்தம் போடாத." இஞ்ஞாசியின் குரல் உயரவில்லை. "உங்க அத்த தூங்குதா. கலியாணம் ஆன நாள்லேர்ந்து இன்னைக்குத்தான் தூங்குதா."

"அப்ப ஏம்ப்பா இந்தக் கயிறு?"

"ஓஞ்சா எனக்குத் தெரியணும்லா."

பிறகு அவர் மகனின் மணிக்கட்டைப் பிடித்தார். முரட்டுத்தனமாக அல்ல. சிறு வயதில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தபோது பிடித்தது போல. அந்தக் கையைக் கயிற்றின்மேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து மூடினார்.

உப்பேறிய கயிறு. ஈரம். உள்ளே ஒரு துடிப்பு வந்தது. வெறிபிடித்த இழுப்பு இல்லை அது. பதற்றம்கூட இல்லை. நிதானமாக, முறைப்படி, மேலே மச்சான் இருக்கிறான் என்று நம்பிச் சுண்டுகிற கை.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

காத்திருக்கிறது.

பெர்க்மான்ஸ் எழப் பார்த்தான். கையை இழுத்தான். வரவில்லை. அப்பாவின் பிடி இறுக்கமாக இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் வரவில்லை. கடல் இருண்டது. சிலுவைகள் இருண்டன. அடியில் இருந்தவர் மூச்சை அடக்கத் தெரிந்தவர்.

ஒன்று.

இரண்டு.

அன்று இரவு இஞ்ஞாசி ரொட்ரிகோ கயிற்றைக் கைவிட்டுவிட்டார் என்று கடற்கரையில் இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது பொய். ரொட்ரிகோ வீட்டார் கயிற்றைக் கைவிட்டதில்லை. விடிந்து பூசை மணி அடித்த பிறகும் அது அப்பன், மகன் இருவர் கையிலும்தான் இருந்தது.